குச்சி சொல்லும் கணக்கு



என் தம்பி இரண்டாம் வகுப்பு. 1 முதல் 100 வரை மூச்சு விடாமல் சொல்வான். 52-ல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். "35 யக்கா" என்றான். எப்படி? 5-ல் 2 போனால் 3. 2-ல் 7 போகாது. அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5 போட்டுவிட்டான்! வாய் எண்ணுது, ஆனால் 52 என்றால் 5 பத்தும் 2 ஒன்றும் என்பது மனசில் பதியவில்லை. இதைச் சரிசெய்ய நம்ம ஊர்க் குச்சியே போதும்.

தேவையானவை: மருந்து முக்காத தீக்குச்சி அல்லது ஈர்க்குச்சித் துண்டுகள் 100, ரப்பர் பேண்ட் 10. (மருந்து வைத்த குச்சியை எடுக்கவே கூடாது!)

செய்முறை:
1. பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுப் போடவும். குழந்தையே எண்ணிக் கட்டணும். நாம் கட்டிக் கொடுத்தால் பலன் இல்லை.
2. 5 கட்டு, 2 உதிரிக் குச்சி வைக்கவும். இது 52.
3. 7 உதிரி எடுக்கச் சொல்லவும். 2 தானே இருக்கு! ஒரு கட்டை அவிழ்க்கணும். இப்போது 4 கட்டு, 12 உதிரி.
4. 12-ல் 7 போனால் 5. 4 கட்டில் 2 கட்டுப் போனால் 2 கட்டு. விடை 25.
5. ஒவ்வொரு படியையும் உடனே சிலேட்டில் எழுதணும். பழகியதும் குச்சியை எடுத்துவிட்டுப் படம் வரையட்டும். பிறகு மனக்கணக்கு.

நாம் "கடன் வாங்குதல்" என்று படித்தது இந்தக் கட்டு அவிழ்ப்பதைத்தான். உண்மையில் அது கடனே இல்லை. யாரும் திருப்பித் தருவதில்லையே!

தெரிந்துகொள்வோம்: 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் ஒற்றை மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம் வைத்து இதையேதான் கற்பித்தார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது.

தம்பி குச்சி அடுக்குவதை என் அம்மாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வயசில் அவர் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். "எங்க கையிலயும் குச்சிதான் இருந்துச்சு. கணக்கு மட்டும் சொல்லித் தரல. கணக்கப்பிள்ளை சொன்னதுதான் கூலி" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஆபத்தான தொழிலில் குழந்தைகளை வைத்தால் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டணும் என்று சிவகாசி வழக்கில் 10.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாச்சி காலத்தில் அந்தத் தீர்ப்பு இல்லை.

அன்று இரவு தம்பியும் அம்மாச்சியும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். நீங்களும் போடுங்கள்:

ஒரு குரோஸ் 144 பெட்டி. 3 குரோஸ் எத்தனை பெட்டி? (குறிப்பு: 10 உதிரி சேர்ந்தால் ஒரு கட்டு, 10 கட்டு சேர்ந்தால் ஒரு நூறு.)

432 வந்ததா? சபாஷ்! இன்றே உங்கள் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி