துணியில் என்ன நிறம் வந்தது?

அன்புத் தம்பிக்கு,

கொப்பித் தாளில் நீ எழுதி அனுப்பிய ஒன்றரைப் பக்கத்தை நேற்று இஷாவுக்குப் பிறகு இரண்டு தரம் வாசித்தேன். கலகெதரையில் உன் கராஜுக்கு வந்த வெள்ளை அல்டோ, அதன் பொனட்டில் பிள்ளை நீல மார்க்கரால் கிறுக்கியது, அதை நீ எடுத்த விதம். கழுவினது, காயவிட்டது எல்லாம் சரி. அதைப் பேச வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாவது வரியிலேயே தின்னர் வந்துவிட்டது. "தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன், மை போய்விட்டது" என்கிறாய். துணியில் என்ன நிறம் வந்தது? அதை எழுதவே இல்லையே! நீலம் மட்டும் வந்திருந்தால் மை கரைந்திருக்கிறது. வெள்ளையும் சேர்ந்து வந்திருந்தால் நீ கரைத்தது காரை.

மார்க்கர் மைக்கு அற்ககோல் போதும். பேனைக்குள் அந்தச் சாயத்தைக் கரைத்து வைத்திருப்பதே பெரும்பாலும் அற்ககோல்தான். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைத் துணியில் எடுத்து மைமேல் கொஞ்ச நேரம் வை. தேய்க்காதே, ஒற்றி எடு. ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பு. காரை நிழலில் விட்டுப் பொனட் ஆறின பிறகு செய். வெயிலில் கொதித்த தகரத்தில் ஸ்பிரிட் வேலை செய்யுமுன்னே பறந்துவிடும். துணிக்குப் பழைய பெனியன் நல்லதுதான், ஆனால் தைத்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடு. அந்த நூல் விளிம்பு போடும் கீறலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதுவரை பழைய கார்களையே பெயின்ட் அடித்து அடித்து ஓட்டினார்கள். குருநாகல் வீதியில் ஓடுகிற கார்களில் எத்தனை, ஒரு தரம்கூட மறுபடி பெயின்ட் அடிபடாதவை? ஒரே காரில் பொனட் கம்பனி பெயின்ட், கதவு டூகே (2K) பெயின்ட், மட்கார்ட் யாரோ மலிவாக அடித்த லெக்கர் என்று இருக்கும். கம்பனி கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரை விட மெல்லியது. சில வெள்ளைக் கார்களில் அதுவும் கிடையாது. கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே தொடாதே.

1979இல் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாஸிடம் வேலை பழகினேன். ஓர் ஆசிரியரின் மொரிஸ் மைனர் மட்கார்டில் பேனா மைப்போத்தல் கவிழ்ந்துவிட்டது. பாஸ் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நான் தின்னரை எடுத்தேன். பழைய லெக்கர். கறுப்பு பெயின்ட் பாகு மாதிரி இளகி வந்தது, அடியில் சிவப்பு பிரைமர் தெரிந்தது. பாஸ் திரும்பி வந்து ஏசவில்லை. பக்கத்தில் தெறித்துக் கிடந்த இன்னொரு மைத்துளியை எச்சில் தொட்ட விரலால் துடைத்துக் காட்டினார். தண்ணீருக்கே போகிற மை.

உன் கடைசி மூன்று வரியை வாசித்ததும் உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. மங்கலான சாயல் நின்றது, கொம்பவுண்ட் போட்டிருக்கலாம், பெயின்ட் மெல்லிசு என்று நிறுத்தினேன், சொந்தக்காரரிடம் அப்படியே சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். சாயம் உள்ளே இறங்கிவிட்டால் பெயின்டையும் சேர்த்துச் சீவினால்தான் போகும். அந்த இடத்தில் கையை எடுக்க எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது. உனக்கு இரண்டாம் வருடத்திலேயே வந்துவிட்டது. மாஷா அல்லாஹ்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அந்தத் துணியை எறியாமல் வைத்திருந்தால் மறக்காமல் எடுத்து வா.