கூட்ஸ் வண்டி ஏற நினைக்கும் பிள்ளைகளுக்கு

முப்பத்தொரு வருஷம் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்தவன் நான். 2022-லிருந்து அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று வண்டியின் கடைசியில் வரும் பிரேக் வேனில் உட்கார்ந்தே என் வயசு போயிற்று.

போன மாதம் பேரன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒரு பையன், முதுகில் மூட்டையோடு, ஓடும் சரக்கு ரயிலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பாலைவனத்தைப் பார்த்தபடி போகிறான். "இப்படிப் போயிட்டா எந்தத் தொல்லையும் இல்லல்ல தாத்தா?" என்றான். அவன் கண்ணில் தெரிந்த ஏக்கத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஒரு நிலக்கரி வேகனில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவனுக்கும், அவனைப் போல வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக இதை எழுதுகிறேன்.

1. உன் துக்கம் பொய்யில்லை.

"சோறு போடுறோம், படிக்க வைக்கிறோம், உனக்கென்ன குறை?" என்று கேட்பார்கள். சோறு இருக்கிற வீட்டிலும் மூச்சு முட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டே ஒருவனைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடலாம். பெண்பிள்ளை என்றால் வாசல்படி தாண்டவே கணக்குச் சொல்ல வேண்டும். கிளம்பிவிடலாம் என்று தோன்றுவது குற்றமில்லை. அதனால் நீ கெட்ட பிள்ளையாகிவிடவும் மாட்டாய். எப்படிக் கிளம்புவது, யாரிடம் போவது என்பதில்தான் உன் உயிர் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

2. அந்த அமெரிக்கக் கதையை முழுசாகத் தெரிந்துகொள்.

1929-ல் அங்கே பங்குச்சந்தை சரிந்தது. அடுத்து வந்த பெருமந்தத்தில் ஆலைகள் மூடின, அப்பன்மார் வேலை இழந்தார்கள். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கிளம்பிய பிள்ளைகள் சரக்கு ரயிலேறி ஊர் ஊராக வேலை தேடினார்கள். பதின்வயதினர் மட்டும் இரண்டரை லட்சம் பேர் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பசியில் ஏறியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் முந்தியவர் எழுத்தாளர் ஜாக் லண்டன். 1894-ல், பதினெட்டு வயசில், அப்படித்தான் நாடு சுற்றினார். நயாகரா பக்கம் போலீஸ் பிடித்து, வேலைவெட்டியின்றித் திரிந்த குற்றத்துக்காக முப்பது நாள் சிறையில் போட்டது. இப்போது வீடியோ எடுத்துப் போடுகிறவன் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தவன். கால் போனவனும் உயிர் போனவனும் வீடியோ போடுவதில்லை.

3. கூட்ஸ் வண்டி ஆள் ஏறும் வண்டி இல்லை.

ஐம்பதுக்கு மேல் வேகன் கோத்த வண்டி, முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளம். நின்ற வண்டி கிளம்பும்போது ஒவ்வொரு கப்ளிங்காக இழுபட்டு, அந்த உதறல் கடைசி வேகன் வரை ஓடிவரும். பிரேக் வேனில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானே எத்தனையோ முறை சுவரில் மோதியிருக்கிறேன். இரண்டு வேகனுக்கு நடுவே நிற்கிறவன் கதி என்ன?

மூடிய வேகனைச் சரக்கேற்றியபின் வெளியிலிருந்து பூட்டி சீல் வைப்பார்கள். சித்திரை வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நீ கத்தினால் கேட்க ஆள் இல்லை. கரி ஏற்றிய திறந்த வேகன்கள் அனல்மின் நிலையத்துக்குப் போகும். அங்கே டிப்ளர் என்று ஒரு எந்திரம் உண்டு. வேகனை அப்படியே கவ்விப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கும். வேறு சில வேகன்களுக்கு அடியில் கதவு. திறந்தால் கரி மொத்தமும் கீழே கொட்டும். அதற்குள் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பது அந்த எந்திரத்துக்குத் தெரியாது.

4. மேலே ஓடும் கம்பி தொடாமலே கொல்லும்.

அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். உன் வீட்டு ஸ்விட்ச்சில் இருப்பது 230. இரண்டு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்பது பயிற்சி பெற்ற எங்களுக்கே விதி. நிற்கிற டேங்க் வேகன் மேல் ஏறி நீ நிமிர்ந்தால் உன் தலை கம்பியின் மட்டத்துக்கே போய்விடும். கை பட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே மின்சாரம் பாயும். செல்ஃபி எடுக்க ஏறிய பிள்ளைகள் இப்படிக் கருகிய செய்தியை நீயும் படித்திருப்பாய். ரயில்வே சட்டப்படி இது குற்றம் என்பது இருக்கட்டும். அபராதம் கட்டிவிட்டு வெளியே வரலாம். கம்பியிடம் அந்தப் பேச்சு இல்லை.

5. எதிலிருந்து ஓடுகிறாய் என்று ஒரு தாளில் எழுது.

நான் முன்பு சொன்ன வேகன் பையனின் கதை இதுதான். மாசி மாசக் குளிர். திருப்பத்தூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில், எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட எங்களை லூப் லைனில் போட்டார்கள். டார்ச்சோடு வண்டியோரமாக நடந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வேகனிலிருந்து இருமல் சத்தம். மேலே வெளிச்சம் அடித்தால், கரிக்குவியலில் குப்புறப் படுத்தபடி ஒரு தலை. "சார், பம்பாய் வந்துருச்சா?" என்று கேட்டான்.

அரக்கோணம் யார்டில் ஏறியிருக்கிறான். பம்பாய் லைன் அங்கே பிரிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டியோ சேலம் பக்கம் திரும்பிவிட்டது. குனிந்தே ஏறி, படுத்தே கிடந்ததால் பிழைத்தான். "எந்திரிக்காத, அப்படியே தவழ்ந்து வா தம்பி" என்று சொல்லிச் சொல்லி இறக்கினேன். பிரேக் வேன் படியில் உட்காரவைத்துக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று முறை கழுவியும் தண்ணீர் கறுப்பாகவே வந்தது. என் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தேன். பாதி தின்றபின்தான் பேசினான். கணக்கில் பெயில். அப்பா நடுத்தெருவில் நிற்கவைத்து பெல்ட்டால் அடித்திருக்கிறார்.

அவன் ஓடியது இரண்டிலிருந்து: கணக்கு, பெல்ட். பொதுத்தேர்விலேயே பெயிலானாலும் துணைத் தேர்வு உண்டு. அதற்குப் பம்பாய் வேண்டாம். பெல்ட்டுக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது. எழுதிப் பார், தம்பி. மொத்தமாகச் சேர்ந்து மலையாகத் தெரிவது, தனித்தனியாக எழுதினால் மூன்று நாலு கல்லாகப் பிரியும். ஒரு கல்லை உன்னால் தள்ள முடியும். இன்னொன்றுக்கு ஆள் உதவி வேண்டும்.

6. அடியும் அத்துமீறலும் நடக்கிற வீட்டில் பொறுத்துக்கொண்டு இருக்காதே.

குடித்துவிட்டு அடிக்கிறார்கள், உறவுக்காரன் ஒருவன் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறான், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால், "குடும்ப மானம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. 18 வயதுக்குள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் போடு. காசு கிடையாது, ராத்திரி பகல் கிடையாது. பெண்களுக்கு 181. அவசர ஆபத்துக்கு 112. பாலியல் தொல்லைக்கு 2012-லிருந்து போக்சோ சட்டம் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவன் அவன், நீயில்லை. வீட்டைவிட்டு வெளியேறுவதுதான் சரி என்று ஆனால், கதவைத் திறந்துவிட ஆள் இருக்கும்போது ஜன்னல் வழியே ஏன் குதிக்க வேண்டும்?

7. பதினெட்டு என்பது ஒரு கோடு.

அதற்குக் கீழே இருக்கிற பிள்ளை தனியாக ஸ்டேஷனில் நின்றால், பார்க்கிற ரயில்வே ஊழியனும் போலீசும் அதைச் சும்மா விட்டுவிட்டுப் போகக்கூடாது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். பயப்படாதே, அது ஜெயில் இல்லை. உன் பேச்சைக் கேட்டு, வீடு பாதுகாப்பா, வேறு இடமா என்று முடிவெடுக்கிற இடம். பெரிய ஸ்டேஷன்களில் சிறார் உதவி மையம் இருக்கிறது. அங்கே நடந்ததை நடந்தபடி சொல். பேரையும் ஊரையும் மாற்றிச் சொன்னால் உனக்கு உதவ வந்தவன் கையைத்தான் கட்டிப்போடுகிறாய்.

கோட்டைத் தாண்டியவனுக்கு எங்கே வாழ்வது என்று முடிவு செய்ய உரிமை இருக்கிறது. உரிமை இருக்கிறவன் ஒளிந்து போக வேண்டியதில்லை. பிடித்தவரைக் கல்யாணம் செய்ததால் உயிருக்கே ஆபத்து என்றாலும், காவல்துறையிடம் எழுதிக் கொடுத்துப் பாதுகாப்பு கேட்கலாம்.

8. ஸ்டேஷனில் முதலில் அன்பாகப் பேசுகிறவனை நம்பாதே.

வீட்டைவிட்டு வந்த பிள்ளையை அடையாளம் காண அரை நிமிஷம் போதும். செருப்பு, பை, அறிவிப்புப் பலகையை அது பார்க்கிற பார்வை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெரிகிற அதே அடையாளம் தரகனுக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுப்பான். "சாப்பாடு, தங்குற இடம், மாசம் இவ்வளவு" என்பான். மதுரை, தேனிப் பக்கத்துப் பையன்களை முறுக்கு கம்பெனி வேலை என்று சொல்லி, வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, வட மாநிலங்களுக்குக் கொண்டுபோய் விடிய விடிய எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கவைத்த கதை நம் ஊர்க் கதைதான். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிந்தது. ஆளைப் பிடிக்கிறவன் ஒழியவில்லை. ஆதாரையும் சான்றிதழையும் "நான் வச்சிருக்கேன்" என்று எவன் கேட்டாலும், அந்த நிமிஷமே எழுந்து போய் யூனிஃபார்ம் போட்டவர் பக்கத்தில் நில். ரயிலிலோ ஸ்டேஷனிலோ தொல்லை என்றால் 139.

9. ஊரைப் பார்த்துப் போகாதே, ஒரு ஆளைப் பார்த்துப் போ.

அந்தப் பையனிடம், "பம்பாயில யாரு இருக்கா?" என்றேன். யாருமில்லை. "அப்பா அம்மாவ விட்டா உனக்கு யாரு?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "திருப்பத்தூர்ல சித்தி இருக்காங்க" என்றான். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த ஊரைத் தாண்டி வந்திருந்தோம். அவனுக்கு வேண்டிய ஒரே வாசல் அந்த ஊரில்தான் இருந்தது. அவன் கரியில் முகம் புதைத்துக் கிடந்ததில் அது கண்ணில் படாமலே போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தகவல் சொல்லி ரயில்வே பாதுகாப்புப் படை வந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் சித்தி வந்துவிட்டார். திட்டவில்லை. முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் அவன் அழுதான். சித்தி வீட்டிலிருந்தே ஐ.டி.ஐ. முடித்தான்.

எழுத்தாளர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பன்னிரண்டு வயசில் அவர் போனது விழுப்புரத்துக்கு, மாமா வீட்டுக்கு. பிறகு சென்னை வந்தபோதும் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களோடு இருந்து, அவர்களிடமே படித்து வளர்ந்தார். அவ்வளவு பெரிய ஆளுமையும் தனியாக நின்றதில்லை. உனக்கும் ஒரு அத்தையோ, தாத்தாவோ, பழைய டீச்சரோ இருப்பார். ஒரு பெயரைக் கண்டுபிடி.

10. கிளம்புவதென்றால் டிக்கெட் எடுத்துக் கிளம்பு.

கையிலே பாதி மாசச் செலவுக்காவது காசு. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், அவற்றின் நகல் தனியாக ஒரு உறையில். மூன்று ஃபோன் நம்பர் மனப்பாடம். கைப்பேசி தொலைந்தாலும் சார்ஜ் தீர்ந்தாலும் மண்டையில் இருப்பது தொலையாது. விடியற்காலை போய்ச் சேரும் வண்டியாகப் பார், நடுராத்திரி இறங்காதே. படிக்கவோ தொழில் கற்கவோ ஆசை என்றால் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு மாணவர் விடுதி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசின் தோழி விடுதி இருக்கிறது. விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்து, பெட்டியோடு போகிறவனை ஓடிப்போனவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

11. போக இடமே இல்லை, இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த ராத்திரியைத் தனியாகக் கழிக்காதே.

தண்டவாளத்தோரம் நடந்துபோன சிலர் என்ன நினைத்துப் போனார்கள் என்பது எனக்கும் வண்டி ஓட்டியவருக்கும் தெரியும். ஒரு லோகோ பைலட் அப்படியொரு நாளுக்குப் பிறகு பல மாசம் சோறு இறங்காமல் இருந்தார். 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள். அடி நெஞ்சில் இருப்பதைச் சொல். வார்த்தை வரவில்லை என்றால் அழு, அதுவும் போதும்.

12. "போறேன்" என்று சொல்லாதே.

முப்பத்தொரு வருஷம் தனியாக ஒரு டப்பாவில் உட்கார்ந்து வந்தவன் சொல்கிறேன். நிலா அழகு, மலை அழகு, காற்று அழகு. நாலு மணி நேரத்துக்கு மேல், அதைச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லையென்றால் எல்லாம் வெறும் இருட்டு. ஒவ்வொரு டூட்டிக்கும் கிளம்பும்போது என் அம்மா வாசலில் நின்று கேட்டதும், பிறகு மனைவி கேட்டதும் ஒரே வார்த்தைதான். நம் வீடுகளில் போகிறவன் "போறேன்" என்பதில்லை.

நீ கோபத்தில் கிளம்பினாலும் சரி, நியாயத்தில் கிளம்பினாலும் சரி. அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், அத்தையிடமும் முடியாவிட்டால் 1098-ல் பேசுகிற முகம் தெரியாத அக்காவிடம் சொல். யாராவது ஒருவரிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு, கண்ணு.