கைகளே வயர்

கேள்வி: மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க, பழைய சாமான் கடையில் ஒரு கறுப்பு மேசை விளக்கு வாங்கினேன். ‘ஆர்ட்டெமிடே, டிசியோ’ என்று போட்டிருக்கிறது. கைகளில் வயரே இல்லை, ஆனாலும் எரிகிறது. சில நேரம் மினுக்குகிறது. தொட்டால் ஷாக் அடிக்குமா? எல்.இ.டி. பல்பு போடலாமா?
- வாசகி, கம்போங் மேடான்

பதில்: அருமையான பொருள் கிடைத்திருக்கிறது, சகோதரி. அசல் என்றால், மிலானில் வாழ்ந்த ஜெர்மானியர் ரிச்சர்ட் சாப்பர் 1972இல் வடிவமைத்த விளக்கு அது.

அதன் கைகளேதான் வயர். அடிப்பாகத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் நம் வீட்டு 240 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கிறது. ஒவ்வொரு கையிலும் இணையாக இரண்டு உலோகத் தண்டுகள் உண்டு. மின்சுற்று அவற்றின் வழியாகவே பல்பு வரை போய்த் திரும்புகிறது. டிரான்ஸ்பார்மர் பழுதில்லாதவரை தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் கத்தரிக்கோல் போன்ற எதையும் கையில் மாட்டிவைக்காதீர்கள். இரண்டு தண்டுகளும் இணைந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

1932இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கார்வர்டைன் தம் ஆங்கிள்பாய்ஸ் விளக்கை ஸ்பிரிங்கால் நிறுத்தினார். சாப்பர் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, கைகளின் மறுமுனையில் எடைக்கட்டிகளை வைத்தார். அதனால்தான் ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் வேறு எந்த மேசை விளக்கிலும் பார்த்ததில்லை.

மினுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மூட்டுகள்தான். அவை சட்டையில் வரும் பிரஸ் பட்டன் போலப் பொருந்துபவை. மின்சாரமும் அவற்றின் வழியாகவே போகிறது. 50 வாட் பல்புக்கு 240 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மூட்டில் களிம்பு படிந்தால் அந்த இடம் சூடேறும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மூட்டுகளைக் காண்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

எல்.இ.டி. போடலாம். ‘12 வோல்ட் ஏசி’ என்று குறித்திருக்க வேண்டும். எடையும் பழைய பல்பைப்போலவே இருக்கட்டும். கனமான பல்பு போட்டால் தலை தாழ்ந்துவிடும். ஹாலோஜன்தான் என்றால் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் வெப்பத்தில் கெட்டுவிடும்.

அடிப்பாகத்தின் லேபிளையும் இன்றே பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. இனி பிளக்கில் செருகாமல் வயர்மேனிடம் காட்டுங்கள்.