வாய்ப் புற்றுநோயும் அதைக் காட்டும் அடையாளங்களும்



காலையில் கடை திறந்ததும் ஒரு முறை, பகல் சாப்பாட்டிற்குப் பின் ஒரு முறை, கணக்கு முடிக்கும்வரை இன்னும் சில முறை என்று வெற்றிலை போடும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. வந்தவருக்குத் தாம்பூலத் தட்டை நீட்டுவது மரியாதை. அந்த மரியாதையைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதே வாயில் தோன்றும் வெள்ளைப் படலத்தையும் ஆறாத புண்ணையும், "பல் பட்டது, சுண்ணாம்பு பட்டது" என்று மாதக் கணக்கில் தள்ளிப் போடுவதால் விளையும் நஷ்டம் பெரிது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்திய வம்சாவளியினரிடமே அதிகம் காணப்படுகிறது. ஆகையால் இது நம் வீட்டுச் செய்தி.

புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமே கெடுதல் என்று பலர் எண்ணுகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூட, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று தீர்ப்பளித்துவிட்டது. பாக்கினால் வரும் மற்றொரு கோளாறு, கன்னத்தின் உட்புறம் நார் போல் இறுகிப் போவது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். காரம் பட்டால் எரிச்சல், நாளடைவில் வாய் திறக்க முடியாமை ஆகியவை இதன் குறிகள். தம் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் விட முடியாதவர் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதற் பாடம்: மாதிரி எடுத்துப் பார்த்தல்

அரிசி மூட்டை வாங்கும் வியாபாரி சாக்கின் வெளிப்புறத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செலுத்தி, உள்ளிருக்கும் அரிசியைக் கையில் கொட்டிப் பார்க்கிறார். டாக்டர் செய்வதும் அதுவே. சந்தேகமான இடத்திலிருந்து ஒரு சிறு துண்டு சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குப் பயாப்ஸி என்று பெயர். வாய்ப் புற்றுநோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இன்றைக்கும் இந்தச் சோதனைதான்.

"கத்தி பட்டால் வியாதி பரவிவிடும்" என்ற பேச்சு நம்மிடையே உலவுகிறது. இது தவறான அச்சம். இந்த அச்சத்தினால் மாதங்களைக் கழிப்பவருக்கே வியாதி முற்றுகிறது.

இரண்டாம் பாடம்: மரபணு அடையாளங்கள்

நமது சரீரத்தின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் என்னும் பேரேடு ஒன்று உள்ளது. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்தப் பேரேடும் பிரதி எடுக்கப்படுகிறது. பாக்கும் புகையிலையும் புகையும் மதுவும் அந்தப் பேரேட்டில் பிழையான பதிவுகளைப் புகுத்துகின்றன. பிழை கண்டால் வேலையை நிறுத்தும் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரும் உள்ளே இருக்கிறார். பி-53 எனப்படும் அந்தப் புரதம் 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது. தணிக்கையாளரே கெட்டுப் போனால் கணக்கு என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வாய்ப் புற்றுநோயில் மிக அதிகமாகக் கெட்டிருப்பது இந்தப் பி-53இன் மரபணுவே.

இதைக் கண்டறிய, ஒரே ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைச் சாயத்துடன் சேர்த்துச் சதைத் துண்டின் மீது இடுகிறார்கள். நல்ல பி-53 விரைவில் கரைந்துவிடுவதால் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தெரியும். கெட்டது கரையாமல் தேங்கினால் எங்கும் பழுப்பாகத் தெரியும். சில வேளை அடியோடு காணாமலும் போகும். அதுவும் கெட்ட குறியே.

வெள்ளைப் படலங்கள் எல்லாம் புற்றாக மாறுவதில்லை. பெரும்பாலானவை மாறுவதே இல்லை. எது மாறும் என்பதே கேள்வி. தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக நமக்கு எல்லாப் பேரேடும் இரண்டு உண்டு. மூன்றாம், ஒன்பதாம் குரோமோசோம்களின் குறுகிய கையில் அவ்விரண்டில் ஒன்று தொலைந்திருந்தால் அந்தப் படலத்திற்கு ஆபத்து அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அத்தகையவரை டாக்டர்கள் நெருங்கிக் கவனிக்கலாம்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். மரபணு என்ற சொல்லைக் கேட்டதும், "குடும்ப வியாதி" என்று அஞ்சி, பிள்ளைகளின் சம்பந்தத்திற்கு இடையூறு வருமே என்று மறைப்பவர் உண்டு. மேலே சொன்ன பிழைகள் பெரும்பாலும் பிறவியில் வந்தவை அல்ல. அந்தப் புண்ணில் மட்டும் பிற்காலத்தில் ஏற்பட்டவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் பாடம்: எதிர்ப்புச் சக்தியின் அடையாளங்கள்

கடை வாசலில் ஜாகா நிற்பதுபோல், இரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்கள் சரீரத்தைக் காவல் காக்கின்றன. புற்று அணுக்களில் சில, பி.டி-எல்-1 என்னும் புரதத்தைப் போலி அனுமதிச் சீட்டுப்போல் காட்டி, "நான் உங்கள் ஆள்" என்று காவலரை ஏமாற்றி நிற்கின்றன. காவலரைத் தடுக்கும் இத்தகைய தடைகளை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

சதைத் துண்டில் இந்தச் சீட்டு எவ்வளவு உள்ளது என்று எண்ணிப் பார்க்கும் சோதனை இப்பொழுது உண்டு. பரவிய அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அந்தச் சீட்டைச் செல்லாததாக்கும் மருந்து 2016 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2019இல் அதை முதற் சிகிச்சையாகவே கொடுக்க அனுமதி வந்தது. யாருக்கு அது பலன் தரக்கூடும் என்பதை அறிய இந்த எண்ணிக்கை உதவுகிறது. ஆகவே இது நோய் உண்டா என்று சொல்லும் அடையாளமன்று. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாளம்.

பி-16 என்று மற்றோர் அடையாளம் உண்டு. தொண்டைச் சதையிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றில் அது மிகுந்திருந்தால், பெரும்பாலும் பாப்பிலோமா என்னும் வைரஸே காரணம். அத்தகைய நோய் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும். வெற்றிலை அடக்கும் கன்னத்தில் வரும் புற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

எச்சிலைக் கொண்டே நோயை அறியும் முயற்சியும் நடந்து வருகிறது. புற்றுள்ளவர் எச்சிலில் இன்டர்லூக்கின்-8 போன்ற பொருள்கள் மிகுந்திருக்கக் கண்டனர். ஆனால் ஈறு வீக்கம் உள்ளவரிடமும் அவை மிகலாம். ஆகையால் எச்சில் சோதனை எதுவும் பயாப்ஸியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

இத்தனை சோதனைகளும் டாக்டர் கையில் சதைத் துண்டு போய்ச் சேர்ந்த பிறகே பயன்படும். அதைக் கொண்டு சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்ததே அங்கே நடந்த சோதனை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவரிடையே வாய்ப் புற்றினால் நேரும் மரணம் அதனால் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் வெளியிட்டனர். கண் பார்வைக்கே இத்தனை பலன்!

ஆகையால், சகோதரர்களே:

1. மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னம், ஈறு, நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடிப்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலை அவர்களிடமும் உண்டு.

2. வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கட்டி, புண் எதுவாயினும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இராமலே இருக்கலாம்.

3. பயாப்ஸி வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். முடிவைக் கேட்கும்போது வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

4. பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். ஒரேயடியாக முடியாதவர் டாக்டரின் உதவியை நாடுங்கள்.

ஆரம்பத்தில் கண்ட புற்று சிறு அறுவையோடு தீரலாம். முற்றியது தாடை எலும்பையே கேட்கும். பேச்சையும் சாப்பாட்டையும் பறிக்கும். வாக்கை மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் வியாபாரிக்கு வாய் எத்தனை பெரிய முதல் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்வருவதால் வியாபாரம் கெட்டுவிடாது.