புள்ளிகள் காட்டும் உறவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒட்டுறவு என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது கார்ல் பியர்சனின் சூத்திரமே ஆகும். சராசரியைக் காண்கிறோம், விலக்கங்களை எழுதுகிறோம், பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுவிடுகிறோம். விடை −1க்கும் +1க்கும் இடையில் அமைந்துவிட்டால் நிம்மதி. ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று எவரேனும் கேட்டால் விழிக்கிறோம். சூத்திரத்திற்கு முன்னே படமும், படத்தைப் பற்றிய கேள்விகளும் வருமானால் இந்நிலை மாறும். எங்கள் வகுப்பில் நடந்த ஒரு பாடத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

அன்று எங்கள் விரிவுரையாளர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாடத்திற்காகத் தாமே அமைத்துக்கொண்ட கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். ஐந்து மாணவர்களின் வீட்டிற்கும் கல்லூரிக்கும் உள்ள தொலைவு முறையே 2, 6, 10, 14, 18 கிலோமீட்டர். அவர்கள் 25க்குப் பெற்ற மதிப்பெண்கள் 22, 20, 21, 16, 16. தொலைவைக் கிடை அச்சிலும் மதிப்பெண்ணைச் செங்குத்து அச்சிலும் கொண்டு ஐந்து புள்ளிகளை வரைபடத்தாளில் இட்டோம். இதுவே சிதறல் விளக்கப்படம். பிறகு கேள்விகள் தொடங்கின.

“புள்ளிகள் எப்படிப் போகின்றன?”

“இடமிருந்து வலமாகக் கீழே இறங்குகின்றன, ஐயா.”

“எல்லாமேவா?”

“மூன்றாம் புள்ளி மட்டும் சற்று ஏறியிருக்கிறது.”

“அப்படியானால் ஒரே கோட்டில் இல்லை. ஒரு கோட்டை ஒட்டியாவது நிற்கின்றனவா?”

“ஆம், ஐயா.”

முதல் விடையில் உறவின் திசை கிடைத்துவிட்டது. ஒன்று கூட மற்றது குறைவதால் இது எதிரிடை ஒட்டுறவு. கடைசி விடையில் உறவின் வலிமை கிடைத்தது. அதன் பின்னரே சூத்திரத்திற்கு வந்தோம். விலக்கங்களின் பெருக்கற்பலன்களின் கூடுதல் −64, தொலைவின் விலக்க வர்க்கங்களின் கூடுதல் 160, மதிப்பெண்ணுக்கு 32. கெழு −0.89 என வந்தது. கண் முன்பே கண்டதை எண் உறுதி செய்தது.

“இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள்?” என்றார் விரிவுரையாளர். “தூரத்து ஊர்க்காரர்கள் படிப்பில் மட்டம், ஐயா” என்றான் ஒரு நண்பன். வகுப்பே சிரித்தது. நாள்தோறும் பேருந்தில் வரும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுத்துப் பேசவும் இயலவில்லை. −0.89 என்று என் கையாலேயே எழுதியிருந்தேன் அன்றோ?

விரிவுரையாளர் சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. ஆறாவதாக ஒரு மாணவனைச் சேர்த்தார். தொலைவு 18 கிலோமீட்டர், மதிப்பெண் 24. புதிய புள்ளி வலப்புறம் மேலே தனித்து நின்றது. மறுபடி கணக்கிட்டோம். கெழு −0.29 ஆகிவிட்டது. ஒரே ஒரு புள்ளி செய்த மாற்றம் இது!

“ஊர் அதே தொலைவுதான். இவன் விடுதியில் தங்கிப் படிப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மதிப்பெண்ணைக் குறைத்தது கிலோமீட்டரா?”

இம்முறை நான் எழுந்தேன். “இல்லை, ஐயா. பேருந்தில் கழியும் நேரமாக இருக்கலாம். காலை வண்டியை விட்டால் முதல் வகுப்பு போய்விடும். இருட்டிய பின் வீடு சேர்ந்தால் புத்தகத்தை எடுப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.”

“அதுவும் ஊகம்தானே? பயண நேரத்தையும் கேட்டு இன்னொரு படம் போட்டால் அல்லவா தெரியும்?” என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி. “அதுதான் புள்ளியியல்” என்றார் விரிவுரையாளர். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்னும் விதியைப் புத்தகத்தில் முன்னரே படித்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

மற்றுமோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு மாறி −2, −1, 0, 1, 2 எனவும், மற்றது அவற்றின் வர்க்கங்களான 4, 1, 0, 1, 4 எனவும் இருந்தால் கெழு பூச்சியம். உறவே இல்லை என்று எழுதிவிடுவோம். படம் வரைந்தாலோ அழகிய பரவளையம் தெரியும். நேர்கோட்டு உறவை மட்டுமே இக்கெழு அளக்கிறது. 1973ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர், பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே. கெழுவும் ஏறத்தாழ 0.816. படங்களோ முற்றிலும் வேறு. ஒன்று கோட்டைச் சுற்றிச் சிதறியது, ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டிலிருந்து ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கிறது, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்றவை செங்குத்தாக அடுக்கியவை.

ஆகவே, நாளை ஆசிரியராகப் போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. சூத்திரத்தை எழுதும் முன் மாணவரைப் படம் வரையச் செய்யுங்கள். புள்ளிகள் எத்திசையில் போகின்றன, எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, எந்தப் புள்ளி விலகி நிற்கிறது, அது ஏன் என்று வரிசையாகக் கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். விலகி நிற்கும் புள்ளியைப் பிழையென்று அழித்தும் விடாதீர்கள். நாம் கேட்க மறந்த கேள்வி அங்கே இருக்கக்கூடும்.