பிரியாணியை விட்டுவிடுங்கள்

என் அப்பா ஆம்பூர் டேனரியில் 30 வருடம் வேலை பார்த்தவர். இப்போது கை நடுக்கம், பார்க்கின்சன் என்கிறார்கள். குரோமியமா, பாலாற்றுத் தண்ணீரா, வாராவாரம் சாப்பிட்ட பிரியாணியா, எது காரணம்? – வாசகி, வாணியம்பாடி

பிரியாணியை முதலில் விடுதலை செய்துவிடுவோம். குரோமியம் சாதுவல்ல, தோலையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். ஆனால் நடுக்கத்துக்கு அதன் மேல் வழக்கு நிற்காது. பாலாற்றைக் கெடுத்ததற்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் டேனரிகளைக் கண்டித்ததே, அது நிலத்துக்கும் குடிநீருக்குமான வழக்கு.

சந்தேகப்பட வேண்டியது கொழுப்பு நீக்கும் கரைப்பான்களை, குறிப்பாக ட்ரைகுளோரோஎத்திலீனை. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் குடிநீரிலேயே அது கலந்திருந்தது. அங்கே இருந்த வீரர்களுக்கு பார்க்கின்சன் வரும் அபாயம் 70 சதவீதம் அதிகம் என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. பாராகுவாட் களைக்கொல்லியும் இதே பட்டியலில் உண்டு. அப்பா டேனரியில் எந்தப் பிரிவில் இருந்தார், வயலில் மருந்து அடித்ததுண்டா என்று கேட்டு நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயதும் பரம்பரையும் சேர்ந்தே வரும் நோய் இது. ஒரே குற்றவாளி சிக்கமாட்டார். சிக்கினாலும் மாத்திரை அதேதான்.

அந்த மாத்திரை லெவோடோபா என்றால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். மட்டனின் புரதமும் மருந்தும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், மருந்துதான் தோற்கும். பிரியாணியைத் தள்ளிப் போட்டால் போதும், நிறுத்த வேண்டாம். மலச்சிக்கல் இந்த நோயோடு ஒட்டியே வரும். கீரையும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும்.

காபியை நிறுத்தச் சொல்லி யாராவது வந்தால் காதில் வாங்காதீர்கள். காபி குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, அளவு எகிறிவிடும்.