மாடிப்படியிலிருந்து மலைப்படிக்கு: வீட்டிலேயே எட்டு வாரப் பயிற்சி

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் போடி, தேனிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே ஏற வேண்டியது 693 படிகள். பாதி வழியில் இளைத்து உட்கார்ந்துவிடுகிறவர்களில் முப்பது வயதுக்காரர்களும் உண்டு. எப்படியோ ஏறி முடித்தவர்களிலும் பலருக்கு மறுநாள் காலையில் தொடை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முடிவதில்லை. இரண்டையும் தவிர்க்கலாம். அதற்கு ஜிம் தேவையில்லை. மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற மூச்சு வேண்டும். இறங்கத் தொடை வேண்டும். ஏறுவதற்கு மட்டும் பழகுகிறவர் பாதிப் பயிற்சிதான் செய்கிறார்.

1. படியை எண்ணுங்கள்

உங்கள் வீட்டு மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று.

• பழனி, 693 படி: 35 சுற்று
• சோளிங்கர் பெரியமலை, 1,305 படி: 66 சுற்று
• திருமலை அலிபிரி பாதை, சுமார் 3,550 படி: 178 சுற்று

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1978 முதல் படியேறும் ஓட்டப்போட்டி நடக்கிறது. 86 மாடி, 1,576 படி. 2003-இல் ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் அதை 9 நிமிடம் 33 விநாடியில் ஏறினார். அது மேலே போய்ச் சேர்வதோடு முடிந்துவிடும் போட்டி. கோயில் மலையில் நாம் இறங்கியும் ஆக வேண்டும்.

2. உடம்பைக் கேளுங்கள்

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். யாராக இருந்தாலும் நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு சுத்துதானே’ என்ற பிடிவாதம் கூடாது.

3. படிக்கட்டைத் தயார் செய்யுங்கள்

படியில் கிடக்கும் செருப்பு, பூந்தொட்டி, காயப்போட்ட சாமான் எல்லாவற்றையும் அகற்றுங்கள். டைல்ஸ் படியில் ஈரமோ தூசியோ இருக்கக் கூடாது. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், வழுக்கும். கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும். அதைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறாதீர்கள். கோயில் படியில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும் என்பதால், மூன்றாவது வாரத்திலிருந்து பாதிச் சுற்றுகளை வெறுங்காலோடு செய்யுங்கள். உள்ளங்காலும் பழக வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும்.

4. ஏலத்தோட்டத்து நடையைப் பழகுங்கள்

போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சரிவில் நடப்பதைக் கவனியுங்கள். எட்டி வைப்பதில்லை, சின்னச் சின்ன அடிதான். முன்பாதத்தால் எம்புவதில்லை. முழுப் பாதமும் மண்ணில் பதிந்த பிறகே அடுத்த கால் எழும்பும். சரிவு செங்குத்தானால் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். தொடக்கத்தில் வைத்த வேகம் கடைசிவரை மாறாது.

வீட்டுப் படியிலும் அப்படியே செய்யுங்கள். குதிகால் உட்பட முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல், கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்கட்டும். இடுப்பை மடக்கிக் குனியாமல், உடம்பை மட்டும் லேசாக முன்னால் சாயுங்கள். குதிகாலை அழுத்தி எழுந்தால் பாரம் தொடைக்கும் பின்புறத் தசைக்கும் போகும். நுனிக்காலிலேயே ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் இறுகிவிடும்.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள, ஏறும்போதே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

5. எட்டு வார அட்டவணை

இது பழனியை மனதில் வைத்துப் போட்டது. வாரத்துக்கு நான்கு நாள் போதும். நடுநடுவே ஓய்வு நாள் கட்டாயம். ஒவ்வொரு நாளும் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

• 1, 2-ஆம் வாரம்: 5 சுற்று, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 5 சுற்று.
• 3, 4-ஆம் வாரம்: 10 சுற்று, ஓய்வு, மறுபடி 10 சுற்று. வாரத்தில் ஒருநாள் மட்டும், கைப்பிடி ஓரமாக, இரண்டிரண்டு படியாகத் தாண்டி 5 சுற்று ஏறுங்கள். இறங்கும்போது தாண்டக் கூடாது.
• 5, 6-ஆம் வாரம்: மூன்று தடவை 10 சுற்று. ஒருநாள் மட்டும் வேகமாக ஏறி மெதுவாக இறங்கி 8 சுற்று.
• 7-ஆம் வாரம்: ஒருநாள் உட்காராமல் 40 சுற்று. அது 800 படி. மற்ற நாள்களில் 15 சுற்று.
• 8-ஆம் வாரம்: எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். கடைசி இரண்டு நாள் முழு ஓய்வு.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். சோளிங்கருக்குப் போகிறவர்கள் நான்கு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. இறங்கப் பழகுங்கள்

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய சேதம் ஏற்படும். அதனால்தான் வலி அன்றைக்குத் தெரியாமல், அடுத்த ஓரிரு நாளில் உச்சத்துக்கு வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகிய தசைக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

வாரம் மூன்று நாள், கடைசிப் படியில் பக்கத்துச் சுவரைத் தொட்டபடி நில்லுங்கள். ஒரு காலால் நின்றுகொண்டு, மற்றக் காலை முன்னால் நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெல்லத் தரைக்கு இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் பழைய நிலைக்கு வாருங்கள். காலுக்கு 8 தடவை. முட்டி வலித்தால் இதைவிட உயரம் குறைந்த மணையில் செய்யுங்கள்.

இதோடு தோப்புக்கரணம் 15 வீதம் இரண்டு முறை. படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது 15 தடவை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

7. ஒருநாளாவது உண்மையான மலைக்குப் போங்கள்

வீட்டில் ஒவ்வொரு சுற்றிலும் இறங்கும்போது மூச்சுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. மலையில் அது கிடையாது. எனவே 7-ஆம் வாரத்தில் ஒரு காலைப்பொழுது, போடியை ஒட்டியிருக்கும் பரமசிவன் மலைக்கோயிலுக்குப் போய், நிற்காமல் ஏறி நிதானமாக இறங்குங்கள்.

இன்னும் உயரத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். 17 சென்டிமீட்டர் உயரமுள்ள வீட்டுப் படியில் அது கிட்டத்தட்ட ஆறாயிரம் படி. அதற்காகப் போடிமெட்டுச் சாலை வளைவுகளில் பயிற்சி செய்ய வேண்டாம். லாரியும் ஜீப்பும் ஓயாமல் போகும் நெடுஞ்சாலை அது. போடிக்கு அருகிலுள்ள குரங்கணிக் காட்டுப் பாதையில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று அங்கே பரவிய காட்டுத் தீயில், மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இன்று குரங்கணி–சாம்பலாறு பாதைக்குத் தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

8. ஏறும் நாளில்

வெயில் ஏறுவதற்கு முன் மலையடிக்குப் போய்விடுங்கள். கல் படி சுட ஆரம்பித்தால் பயிற்சி எடுத்த காலும் துடிக்கும். ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். வியர்வை அதிகமானால் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். முதல் நூறு படியை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து வேகமாகத் தொடங்குகிறவர்கள்தான் நடுவழியில் உட்காருகிறார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் முட்டி வலித்தால், பழனியில் விஞ்சிலோ ரோப் காரிலோ இறங்குங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ போகிறவர்கள், அந்த நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாமல் செய்வதற்கு அது உதவும். இன்று மாலையே உங்கள் மாடிப்படியை எண்ணி, முதல் ஐந்து சுற்றைத் தொடங்கிவிடுங்கள்.